ஜூன் விடுமுறைக்கு யான், கெடா: மூன்று நாள் போதுமா?

ஜொகூர்_அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் ஜொகூர் பாருவில் பதினெட்டாவது மாடியில் இருக்கிறோம். போன வாரம் சின்னவளிடம் (ஒன்பது வயது) அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "சூப்பர்மார்க்கெட்டில் மூன்றாவது வரிசை" என்றாள். சிரித்துவிட்டேன், ஆனால் அப்புறம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜூன் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் வடக்கே கெடா மாநிலத்தில் யான் மாவட்டத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறோம். வயல், அருவி, கம்பத்து (கிராமத்து) வீடு, இவ்வளவுதான் ஆசை. பெரிய ஹோட்டலும் வேண்டாம், தீம் பார்க்கும் வேண்டாம். மூன்று நாள் இருந்தால் போதுமா? பையனுக்கு பதின்மூன்று வயது, போன் சிக்னல் இல்லை என்றால் முகம் தொங்கிவிடும். யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்.

பெட்டாலிங்_குமார் எழுதியது:

அவ்வளவு தூரம் போய் யானா? இன்னும் கொஞ்சம் மேலே போனால் படகு ஏறி லங்காவி தீவுக்கே போய்விடலாமே. யானில் ஒரு ராத்திரிக்கு மேல் என்ன செய்வீர்கள்?

கம்பைன்_மெக்கானிக் எழுதியது:

குமார் அண்ணே, லங்காவிக்கு எல்லோரும்தான் போகிறார்கள். அக்கா கேட்டது அரிசி.

நான் பீடோங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். இருபது வருடமாக யான், பெண்டாங், கோத்தா ஸ்டார் வயல்களில் நெல் அறுக்கும் மெஷின் பழுது பார்க்கிறேன். எந்த இடத்தைப் பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள் அக்கா. அதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும். யானில் காலண்டரைப் போடுவது தண்ணீர்தான்.

இரண்டு போகம். முதல் போகத்துக்கு ஏப்ரல், மே வாக்கில் தண்ணீர் விடுவார்கள், ஆகஸ்ட் செப்டம்பரில் அறுப்பு. இரண்டாவது போகம் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வாக்கில் முடியும். எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் வராது, கட்டம் கட்டமாகத்தான் திறப்பார்கள். அதனால் ஜூனில் நீங்கள் வந்தால் ஒரு பக்கம் முழங்கால் உயரப் பச்சை, வாய்க்காலைத் தாண்டினால் இப்போதுதான் விதைத்த சேறு. போட்டோ எடுக்கிறவர்களுக்கு அதுவே நல்லது. மார்ச்சில் வந்து "எங்கே பச்சை?" என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வெடித்த தரையும் எரித்த வைக்கோலும்தான் அப்போது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளை என்றால் வைக்கோல் எரிக்கும் வாரங்களில் வரவே வேண்டாம்.

இந்தத் தண்ணீர் இங்கே ஊறுவது இல்லை. தாய்லாந்து எல்லைப் பக்கம் பெடு, மூடா என்று இரண்டு அணைகள், இரண்டையும் ஒரு சுரங்கம் இணைக்கிறது. 1966ல் வேலை ஆரம்பித்து 1970ல் முடித்தார்கள். அதற்கு முன்னால் மழையை நம்பி வருடத்துக்கு ஒரே போகம். இப்போது ஏறக்குறைய 1 லட்சம் ஹெக்டேர் இதை நம்பி இருக்கிறது. நிர்வாகம் 'மாடா' என்ற அரசு அமைப்பு. கெடாவை 'ஜெலாப்பாங் பாடி', நெற்களஞ்சியம் என்று சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

மூன்று நாள் போதும். ஆனால் வெள்ளிக்கிழமையைக் கணக்கில் வையுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் சாப்பாட்டுக்கடை தேடினால் பிள்ளைகள் உங்களைத்தான் திட்டும்.

ஜொகூர்_அம்மா எழுதியது:

வெள்ளி விடுமுறை விஷயம் மறந்தே போய்விட்டது. ஜொகூரிலும் கொஞ்ச காலம் அப்படித்தானே இருந்தது, 2025ல்தான் மாற்றினார்கள். அண்ணா, நெல் அறுக்கும் மெஷினை ஜூனில் பார்க்க முடியாதா?

கம்பைன்_மெக்கானிக் எழுதியது:

ஓடுவதைப் பார்க்க முடியாது. பட்டறையில் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்க்கலாம், என் பட்டறையிலேயே ஒன்று கிடக்கிறது. பலதும் ஐரோப்பாவில் கோதுமை வயலுக்குச் செய்த பழைய மெஷின்கள். இங்கே கொண்டுவந்து முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சங்கிலிப் பட்டை மாட்டுவோம். இல்லாவிட்டால் சேற்றில் இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு இரண்டு போகம், நிலம் காயவே நேரமில்லை, மேலே இவ்வளவு எடையுள்ள மெஷின். சில வயல்களில் அடித்தரையே உடைந்து இடுப்பளவு சேறாகிவிட்டது. அப்படி ஒரு வயலில் ஒரு மெஷினை வெளியே எடுக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. இழுக்க வந்த மெஷினும் சேர்ந்து மாட்டிக்கொண்டது, அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முன்னாள்_யான்_டீச்சர் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. பதினோரு வருடம் யானில் தேசியப் பள்ளியில் பாடம் நடத்தினேன். அந்தப் பக்கம் தமிழர்கள் கை விரல்களுக்குள்தான். நம்மவர்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், பீடோங், குரூண், சுங்கை பட்டாணித் தோட்டங்களில். மலைக்கு இந்தப் பக்கம் கடல் வரை மலாய்க் கம்பங்கள், ஊர்ச் சந்திகளில் கொஞ்சம் சீனர் கடைகள்.

குனோங் ஜெராய் மலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? உயரம் 1,217 மீட்டர்தான். கெடாவிலேயே இதைவிட உயரமான மலை உண்டு. ஆனால் இது கடல் மட்டத்துச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். காலையில் நான் ஜன்னலைத் திறந்தால் முதலில் மலையைப் பார்ப்பேன். உச்சி தெரியவில்லை என்றால் பிள்ளைகள் மழைக்கோட்டோடு வருவார்கள். வானிலை அறிக்கையைவிட அது நம்பகமாக இருந்தது.

கம்பத்து வாழ்க்கை பார்க்க வேண்டும் என்றால் 'ஹோம்ஸ்டே' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். இணையத்தில் அந்தப் பெயரில் வருவதில் பாதி முழு வீட்டு வாடகை. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், மனித முகமே பார்க்க மாட்டீர்கள். குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிடும் பதிவு பெற்ற கம்பத்து ஹோம்ஸ்டே வேறு. முன்பதிவு செய்யும்போது "வீட்டுக்காரர்கள் கூட இருப்பார்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

தஞ்சை_வாசகன் எழுதியது:

கெடா என்றால் நம் கடாரம்! இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கடாரம் கொண்டான் ராஜேந்திர சோழன் கால் பதித்த மண். நான் அடுத்த ஆண்டு வருகிறேன். யானில் சோழர் கோட்டை, கோயில் எச்சங்கள் எங்கே உள்ளன? உள்ளூர் மக்களுக்கு இந்த வரலாறு தெரியுமா?

கம்பைன்_மெக்கானிக் எழுதியது:

யானில் போய் ஒரு பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்) சோழர் கோட்டை எங்கே என்று கேட்டால் அவர் உங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார் சார். கோட்டை கிடைக்காது.

முன்னாள்_யான்_டீச்சர் எழுதியது:

தஞ்சை ஐயா, நீங்கள் தேடுவது மலைக்குத் தெற்குப் பக்கம், மெர்போக்கில். பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, அதை ஒட்டியே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளம். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தம்பதியர் அந்தப் பள்ளத்தாக்கில் நிறையத் தோண்டினார்கள். இந்த ஒரு கோயிலை 1960 வாக்கில் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். ஓடை ஓரம், மரநிழல், கொஞ்சம் கொசு. போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

ஆனால் ஒன்று. 1025ல் ராஜேந்திரன் அனுப்பியது கடற்படைத் தாக்குதல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே துறைமுகம் இருந்தது. அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள். பௌத்தமும் இருந்தது, சைவமும் இருந்தது. கடாரத்து அரசர் கட்டிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஊர் கொடுத்தது நாகப்பட்டினத்தில். அதாவது வந்ததும் போனதும் இரண்டு பக்கமும் நடந்தது, படையெடுப்பு அதில் ஒரு அத்தியாயம். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிக்கு முதலில் தெரிந்தது ஜெராய் உச்சி. அதனால்தான் துறைமுகம் அதன் காலடியில் அமைந்தது என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

2013ல் அந்தப் பகுதியில் 11ஆம் எண் கோயில் என்று குறித்திருந்த எச்சத்தை நில மேம்பாட்டு வேலையில் இடித்துவிட்டார்கள். அந்த வாரம் ஆசிரியர் அறையில் என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டது வரலாறு நடத்திய மலாய் ஆசிரியை. "உள்ளூர் மக்களுக்குத் தெரியுமா" என்று கேட்டீர்களே, அதற்காகச் சொன்னேன்.

தஞ்சை_வாசகன் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி அம்மா. "கால் பதித்த" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

பைனாகுலர் எழுதியது:

வரலாற்றை விடுங்கள், வானத்தைப் பாருங்கள். கெடா, பெர்லிஸ் வயல்களில் இப்போது நத்தைகுத்தி நாரை கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. நான் சின்ன வயதில் இங்கே அதைப் பார்த்ததே இல்லை. தாய்லாந்துப் பக்கமிருந்து வர ஆரம்பித்து பத்துப் பதினைந்து வருடம்தான் இருக்கும். அலகின் நடுவில் ஒரு இடைவெளி, பாக்குவெட்டி முழுசாக மூடாத மாதிரி. அதை வைத்து நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் உருவி எடுக்கும்.

தீனி என்ன தெரியுமா? தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வயல்களை நாசமாக்கிய தங்க ஆப்பிள் நத்தை. இளம் நாற்றை ஒரே ராத்திரியில் மேய்ந்துவிடும். நெல் தண்டிலும் சிமெண்ட் மதகிலும் இளஞ்சிவப்பாக முட்டைக் குலை ஒட்டியிருக்கும், பிள்ளைகள் பார்த்தால் மிட்டாய் என்று நினைக்கும். தொடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

எலிக்கு இன்னொரு ஆள். வயல் நடுவில் நட்ட தூணின் மேல் மரப்பெட்டி இருந்தால் அது கூகைக்கு வைத்தது. சாயங்காலம் ஏழரைக்கு மேல் சத்தம் போடாமல் காத்திருங்கள்.

சந்தேகராமன் எழுதியது:

எல்லோரும் அழகு அழகு என்கிறீர்கள். நானும் போயிருக்கிறேன். வயல் நடுவில் காபிக்கடை, மூங்கில் பாலம், இதய வடிவில் ஒரு வளையம், அதற்குள் நின்று போட்டோ. ஒரு தே தாரிக் தேநீருக்கு நகர விலை. இதையெல்லாம் சிலாங்கூரில் சிகிஞ்சான் வயல்களிலேயே பார்த்தாயிற்று. இந்தச் சுற்றுலாவால் நெல் போடுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? சொல்லுங்கள்.

கம்பைன்_மெக்கானிக் எழுதியது:

நியாயமான கேள்வி.

போன வருடம் ஆகஸ்டில் நடந்தது. அறுப்பு உச்சம். வாய்க்கால் கரைச் சாலையில் ஒரு காடி (கார்) போகத்தான் இடம். அதில் நான்கு காடிகளை நிறுத்திவிட்டு ஒரு கல்யாணப் போட்டோ கூட்டம் வயலுக்குள் இறங்கிவிட்டது. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வருகிறது. மெஷின் நிற்கிறது, நெல் ஏற்றின லாரி நிற்கிறது. மழையில் நனைந்த நெல்லுக்கு ஆலையில் ஈரக் கழிவு என்று எடையில் வெட்டுவார்கள். வயல்காரர் அறுபது வயதுக்காரர். கத்தவில்லை. மணப்பெண்ணிடம் போய், "மகளே, அழகாக இருக்கிறாய், இன்னும் பத்து நிமிடம் நின்றால் சேலை நிறைய நெல் தூசி" என்றார். (மணப்பெண் போட்டிருந்தது கவுன்.) ஓடிவிட்டார்கள். ஆனாலும் கடைசி மூன்று ரெலோங் நனைந்தேதான் போனது.

ரெலோங் என்பது இந்தப் பக்கத்து அளவு, முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஏக்கர், ஹெக்டேர் எல்லாம் அரசாங்கக் காகிதத்தில்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். காபிக்கடையால் வயல்காரருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, நிலம் அவருடையதாக இருந்தால் ஒழிய. பலர் குத்தகைக்குப் போடுகிறவர்கள். நெல்லுக்குக் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 1,300 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது, 2025ல் 1,500 ஆக்கினார்கள். உழவு, விதை, மருந்து, மெஷின் கூலி எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று ஒரு வயல்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். ஆனால் அவர் மனைவி வீட்டில் பெக்காசாம் (ஊறவைத்த மீன்) போட்டு விற்கிறாரே, அவருக்குக் கிடைக்கிறது. அருவிக்குப் போகிற வழியில் டுரியான் பழமும் பெத்தாய்க் காயும் விற்கிறவருக்குக் கிடைக்கிறது. என் கணக்கு இதுதான்: வயலை வேலை நடக்கிற இடமாகப் பார்த்து வருகிறவர் வாங்கிக்கொண்டு போகிறார். பின்னணிப் படமாகப் பார்த்து வருகிறவர் படத்தோடு போகிறார்.

முன்னாள்_யான்_டீச்சர் எழுதியது:

மெஷின் வந்த கதையையும் சொல்ல வேண்டும். முன்பு நடவும் அறுப்பும் 'பெர்டெராவ்' முறை. இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. எனக்குப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) அந்தக் காலத்தில் நடவு நட்டவர். குனிந்த முதுகு நிமிர்வதற்குள் அடுத்த வயலுக்குக் கூப்பிடுவார்கள் என்பார். அலுப்பாகச் சொல்ல ஆரம்பிப்பார், ஏக்கமாக முடிப்பார். 70களின் கடைசியில் அறுக்கும் மெஷின் பரவியபோது முதலில் அடிபட்டது நிலமில்லாதவர்கள்தான். அந்தக் காலத்தில், 1978 முதல் 80 வரை, ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் இந்த மூடா சமவெளியில் ஒரு கம்பத்தில் தங்கி, கூலி போன ஏழைகள் சத்தமில்லாமல் எப்படியெல்லாம் எதிர்ப்புக் காட்டினார்கள் என்று எழுதி உலகப் புகழ் பெற்றார். மெக்கானிக் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

கம்பைன்_மெக்கானிக் எழுதியது:

கோபமில்லை டீச்சர். மெஷின் இல்லாவிட்டால் இன்றைக்கு அறுக்க ஆளும் இல்லை. அந்த மக்சிக்கின் பேரன் பினாங்கில் தொழிற்சாலையில் இருப்பான், சரியா?

முன்னாள்_யான்_டீச்சர் எழுதியது:

பாயான் லெப்பாஸ். சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஆனால் அந்தப் பழக்கம் கெண்டூரி விருந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்யாண விருந்து என்றால் முந்தின நாளே ஊர் திரண்டுவிடும். ஆண்கள் முற்றத்தில் அடுப்பு மூட்டி பெரிய சட்டிகளில் குலாய் (குழம்பு) கிளறுவார்கள், பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க்கதை. வாழைத்தண்டு போட்ட இறைச்சிக் குலாய் அந்தப் பக்கம் பிரபலம். நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து எந்த வீட்டு விருந்திலும் ஓரமாக ஒரு சின்னப் பானை இருக்கும். 'பெரியோக் சிக்கு', டீச்சர் பானை. கோழி, அல்லது வெறும் பலாக்காய்க் குலாய். நான் மாற்றலாகி வந்த பிறகு ஒரு கல்யாணத்துக்குத் திரும்பப் போனேன். ஏழு வருடம் கழித்து. பானை இருந்தது.

ஜொகூர்_அம்மா, நேரமிருந்தால் கம்போங் ஆச்சேவுக்கும் போய் வாருங்கள். டச்சுக்காரர்களோடு 1873ல் தொடங்கிய போரில் சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து தப்பி வந்தவர்களின் வம்சம். மலை அடிவாரத்தில் பழத்தோட்டங்கள். உடம்பை மூடின உடை, வீட்டுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுவது, இதெல்லாம் நமக்குப் புதிதில்லை.

பெட்டாலிங்_குமார் எழுதியது:

சரி, லங்காவியை வாபஸ் வாங்குகிறேன். அருவி எது நல்லது? ஸ்ரீ பெரிகியா, தித்தி ஹாயூனா?

கம்பைன்_மெக்கானிக் எழுதியது:

குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட தித்தி ஹாயூன். படி ஏற மூச்சு இருந்தால் ஸ்ரீ பெரிகி. ஆனால் இதைத் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள்.

2021 ஆகஸ்ட் 18, சாயங்காலம். மலை மேல் பெருமழை. கீழே அந்த அளவுக்கு இல்லை. 'கெப்பாலா ஆயர்' என்பார்கள், தண்ணீரின் தலை. மேலே மண் சரிந்து, மரமும் பாறையும் ஒன்றாக அடித்துக்கொண்டு இறங்கியது. உயிர்கள் போயின. அடுத்த நாள் மெஷின் எடுத்துக்கொண்டு மரம் அகற்றப் போனேன். ஒரு வீட்டுக் கூடத்தில் முழு மரம், வேரோடு. சோபா மேல் படுத்திருந்த மாதிரி. அந்த வீட்டுக்காரர் வேரிலிருந்து ஒரு குழந்தைச் செருப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கள் வீட்டுடையது இல்லை" என்றார்.

தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், பையை எடுக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள், பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். மலை உச்சியில் மேகம் கறுத்திருந்தால் அன்று அருவியே வேண்டாம், கடற்கரைக்குப் போங்கள். டீச்சர் சொன்ன மழைக்கோட்டுக் கணக்கு அங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

சந்தேகராமன் எழுதியது:

இதற்கு என்னிடம் சந்தேகம் இல்லை. நன்றி.

ஜொகூர்_அம்மா எழுதியது:

போய் வந்தோம்! தாமதத்துக்கு மன்னிக்கவும், பள்ளி திறந்ததும் மூச்சு விட நேரமில்லை.

குடும்பத்தோடு தங்கும் வீடுதான் எடுத்தோம். முதல் நாள் காலை அந்த வீட்டு மக்சிக் கொடுத்தது புளுட் என்ற ஒட்டரிசி, மேலே தேங்காய்த் துருவல், பக்கத்தில் பொரித்த கருவாடு. பையன் இரண்டாவது தட்டு கேட்டான். அந்த ஊர் மலாய் எனக்கே பாதி புரியவில்லை. 'பெசார்' என்றால் 'பெசாக்', 'பெர்கி' என்றால் 'பி'. மூன்றாம் நாள் பையன் 'ஹாங்' (நீ) போட்டு பேச ஆரம்பித்துவிட்டான், பெரியவர்களிடம் அப்படிப் பேசக்கூடாது என்று பாக்சிக்கே திருத்தினார்.

இரண்டாம் நாள் மலையில் மேகம், அருவி இல்லை. அதற்குப் பதில் குரூண் பக்கம் வான் மாட் சாமான் வாய்க்காலைப் பார்த்தோம். 1885ல் வெட்ட ஆரம்பித்தது, அலோர் ஸ்டார் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடு. ராத்திரியில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு நேர் பார்த்து வெட்டினார்கள் என்று பாக்சிக் கதை சொன்னார். அப்புறம் வயல். அங்கே உயரமாகத் தனித்து நின்ற ஒரு கதிரைக் காட்டி, இது 'பாடி ஆங்கின்', காற்று நெல், விதைத்தவன் விதைக்காத நெல் என்றார். முற்றினதும் காற்று பட்டாலே உதிர்ந்துவிடுமாம், உதிர்ந்தது அடுத்த போகத்தில் முளைக்குமாம். சின்னவள் அன்று முழுவதும் வரப்பில் நடந்து அதை மட்டும் தேடிப் பிடுங்கினாள். பதினேழு செடி. மூன்றாவது வரிசையைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

மெக்கானிக் அண்ணா, பட்டறையில் பையனை ஏற்றி உட்கார வைத்ததற்கு நன்றி. கிரீஸ் போகவில்லை, சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஒரே பிரச்சினை: மக்சிக்கிடம் பனையேறிக் கெண்டை பெக்காசாம் ஒரு பாட்டில் வாங்கினேன். வறுத்த அரிசிப் பொடியும் உப்பும் புளியும் போட்டு இரண்டு வாரம் ஊறினது, பொரித்தால் அப்படி ஒரு ருசி. தாப்பா தாண்டும்போது மூடி கழன்றிருக்கிறது. காடியின் பின்பக்கம் முழுக்க. இரண்டு வாரமாகியும் நாற்றம் போகவில்லை. என்ன செய்வது?

கம்பைன்_மெக்கானிக் எழுதியது:

கம்பளத்தைக் கழற்றி வெயிலில் போடுங்கள். காப்பித்தூளை ஒரு கிண்ணத்தில் நிரப்பி இரண்டு ராத்திரி பின்னால் வையுங்கள். என் வேனில் இப்படி ஆனபோது அதுதான் கேட்டது.

முன்னாள்_யான்_டீச்சர் எழுதியது:

காப்பித்தூளால் முழுசாகப் போகாது தம்பி. அடுத்த முறை மூடிக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ரப்பர் பேண்ட், பாட்டிலைக் காலுக்கடியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். மீன் மிச்சமிருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஜொகூர்_அம்மா எழுதியது:

நான்கு மீன் தப்பித்தது. நேற்று பொரித்தோம்.